‘க்கு’ இல்லாத வசனம்

எங்கள் அப்பாவுக்குக் காது கேட்காது என்பது தெருவுக்கே தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் ஆப்பரேட்டர். தகரத் தகட்டை உள்ளே தள்ளினால் மெஷின் ஓங்கி அடிக்கும், மூடிகள் கொட்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த அடிக்குப் பக்கத்திலேயே நின்றவர். “எவன் எங்க பாட்டிலைத் திறந்தாலும் அதுல நம்ம அப்பா காது கொஞ்சம் இருக்குடா” என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அவள் இலக்கிய மாணவி, அப்படித்தான் பேசுவாள். “சத்தத்தையும் வருஷத்தையும் பெருக்கினா வர்ற விடை அது. பாட்டிலுக்குள்ள ஒண்ணும் போகல” என்றேன். நான் அதே கல்லூரியில் இயற்பியல். நானும் அப்படித்தான் பேசுவேன்.

கல்லூரியில் அவர்கள் கட்டிடத்துக்கும் எங்கள் கட்டிடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு சைக்கிள் நிறுத்தம்தான். ஆனால் யாரும் தாண்ட மாட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பல்பு மாட்டுகிறவர்கள். எங்களுக்கு அவர்கள் கதை அளக்கிறவர்கள். அக்கா என்னை ‘மீட்டர்’ என்று கூப்பிடுவாள். அது அவள் நாடகக் குழுவுக்கும் பரவி, கல்லூரியில் என் சொந்தப் பெயர் அழிந்தே போனது.

வீட்டில் செவிடு என்ற சொல்லுக்கு இடமில்லை. டமாரம், மந்தம் எதுவும் கிடையாது. அப்பாவின் கணக்கில் உலகம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். “இந்தக் காலத்துல எவனும் வாயைத் திறந்து பேசுறதில்ல” என்பார். அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் கத்த வேண்டியிருந்தது.

“வீட்டு மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா உங்களுக்கு?”

“சக்கரையா? மேல் தட்டுல இருக்கு பாரு.”

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். “கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொன்னதை இவர் கேட்டதே இல்ல. இப்போ அதுக்கு ஒரு சாக்கும் கிடைச்சிடுச்சு.”

சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அந்த வருடம் சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்று வந்தது.

அக்காவுக்குப் படிப்பு முடிகிற நேரம். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழு ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. சாப்பாடு, படுக்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம். அதே வாரத்தில் அப்பா தன் தொழிற்சாலை ஆபீஸில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை சொல்லி வைத்திருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். முதலில் வாயால், பிறகு கையால், கடைசியில் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி. அப்பா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடுத்த மாசம் உங்க காலேஜ் ஹால்ல நாடகம் போடுறீங்கல்ல? வரேன். கேட்டுட்டுச் சொல்றேன்.”

நியாயமான பதில். ஒரே சிக்கல், அவரால் கேட்க முடியாது. முந்தின வருடமும் அக்காவின் நாடகத்துக்கு வந்திருந்தார். முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தார், கை தட்டியபோது தட்டினார். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு “லைட்டெல்லாம் பிரமாதம்” என்றார். அன்று அக்கா சாப்பிடவில்லை.

“சும்மா போயிட்டு வரேன்னு அடம் பிடிச்சா விட்டுடுவாருக்கா” என்றேன்.

“விட்டுடுவாரு. அது எனக்கு வேணாம். கெஞ்சி வாங்கினா அது பிச்சை. அவர் கேட்டுட்டு வேணாம்னு சொன்னாக்கூட அது பதில். அது போதும் எனக்கு.”

அவளுடைய கடைசிக் காட்சி ஒரு தனி வசனம். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற பெண்; கடைசிப் படகும் போன பிறகு தனியாக நின்று பேசுகிறாள். தன்னைப் பற்றியே பேசுவதுபோல் இருக்கிறது என்றுதான் அக்கா அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். அந்த ஒரு வசனம் அப்பாவுக்குப் புரிந்தால் போதும், தனியாக ஒன்றும் விளக்க வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

நாடகத்தை எழுதி நடத்தியவரை எல்லோரும் தாடி என்பார்கள். அவர் சொல்லிக்கொடுத்த வழி எளிது: “எழுத்தை அடிச்சுச் சொல்லும்மா. கல்லு எறியற மாதிரி. கடைசி வரிசைல இருக்கிறவன் மண்டை உடையணும்.” அக்கா வீட்டில் கல் எறிந்து பழகினாள். அப்பா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னத்துக்கு இப்படிச் சண்டை போடுறீங்க ரெண்டு பேரும்?” என்றார்.

என் வழியும் எளிதுதான். பழைய ரேடியோவைப் பிரித்து, ஒலியைக் கூட்டிக்கொடுக்கும் ஒரு பெருக்கி செய்தேன். அப்பா காதில் மாட்டினேன். அக்கா ஒரு வரி பேசினாள். அவர் தேள் கொட்டியதுபோல் அதைப் பிடுங்கி எறிந்தார். “காதுக்குள்ள பட்டாசு வைக்கிறியாடா?”

தாடியும் நானும் செய்தது ஒரே தவறு. சத்தம் போதவில்லை என்று இருவருமே நினைத்தோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆஸிலேட்டர் இருந்தது. குமிழைத் திருப்பினால் கீழ்ச்சுருதியிலிருந்து மேல்சுருதி வரை எந்த ஒலியையும் கொடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படிப்புக்கு ஒரு செய்முறை, ஒத்தாசை வேண்டும் என்று அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். உடனே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளை படிப்பு என்றால் அவர் அப்படித்தான். காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும்.

அடிச்சுருதியில் எல்லாம் சரியாகத் தூக்கினார். கேட்டதா என்று நான் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே சிலவற்றுக்குத் தூக்கினார். மேலே போகப் போக விரல் தயங்கியது. பிறகு நின்றுவிட்டது. நான் அளவைக் கூட்டினேன். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த ஒலியே சமையலறையில் இருந்த அம்மாவைக் காதைப் பொத்திக்கொள்ள வைத்தது. அப்பா நிதானமாக, விரலைத் தயாராக முழங்கால்மேல் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்திருந்தார்.

“எப்போடா ஆரம்பிக்கப் போறே?” என்றார்.

“முடிஞ்சிடுச்சுப்பா” என்றேன். அதுவும் அவர் காதில் விழவில்லை.

வரைபடத்தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது கோடு கொஞ்ச தூரம் சமதளமாகப் போய், திடீரென்று பள்ளத்தில் விழுந்தது. அக்காவிடம் காட்டினேன். கொட்டாவி விட்டுக்கொண்டுதான் பார்த்தாள்.

“இந்தப் பள்ளத்துல என்ன இருக்கு?”

“ஸ், ச், ட், ப் மாதிரி வெடிக்கிறது, உரசுறது எல்லாம். இந்தப் பக்கம் மேட்டுல உயிரெழுத்து, மூக்கால வர்ற ஒலி. இதெல்லாம் அவருக்கு நம்மளை மாதிரியே கேக்குது.”

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி, பள்ளத்தில் கசடதபற என்று எழுதினாள். மேட்டில் ஙஞணநமன. நடுச்சரிவில் யரலவழள. எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுக் கத்தியது. வல்லினம், மெல்லினம், இடையினம். நான் அதை மார்க்குக்குப் படித்து மறந்திருந்தேன். அவள் அதைச் செய்யுளுக்குப் படித்து நினைவில் வைத்திருந்தாள். அது ஒரு அளவு என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

“வல்லினம்னா வலுவா போகும்னு நெனச்சு, நான் அதையே போட்டு அடிச்சிட்டு இருந்தேன்” என்றாள். “அவரு கேக்கிறது மெல்லினம்தான்.”

மறுநாளே சோதித்தோம். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலிக் காலுக்கு ஆணி இறக்கிக்கொண்டிருந்தார். சுத்தியலைக் கீழே வைத்த நேரம் பார்த்து அக்கா சாதாரணக் குரலில் சொன்னாள்: “தட்டு.” அசைவில்லை. “பச்சைச் சட்டை.” இல்லை. “மாமா வந்தாங்க.”

அப்பா திரும்பினார். “எந்த மாமா?” எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வாசலில் மாமா இல்லை. அம்மா எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. “எங்க அண்ணன் பேரைச் சொல்லி விளையாடுறீங்களா? இப்போ இவர் சாயந்திரம் வரைக்கும் வாசல்லயே நிப்பாரு.” நின்றார்.

எனக்கு வேறு கவலை. “கணக்கு உதைக்குதே. ‘வந்தாங்க’ல ‘த’ இருக்கு, ‘க’ இருக்கு. ரெண்டும் வல்லினம். எப்படிக் கேட்டுச்சு?”

அக்கா என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “மீட்டர், சொல்லிப் பாரு. ‘வந்தான்’. ‘வத்தல்’. ரெண்டு ‘த’வும் ஒண்ணா?”

சொல்லிப் பார்த்தேன். ஒன்றில்லை. எழுத்துதான் ஒன்று.

“முன்னாடி அதோட இனமான மெல்லெழுத்து நின்னா வல்லெழுத்து இளகிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப. நட்பெழுத்துன்னு பேரு. உங்க மெஷின்ல அதுக்குக் குமிழ் கிடையாது.”

அந்த மெஷினில் உண்மையிலேயே கிடையாது. அன்று முதல் நான் சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி அவர்கள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். அவள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தன் குரலைத் திரையில் பச்சைக் கோடாகப் பார்த்து, “இதுல ‘ழ’ எங்கடா?” என்று கேட்டிருக்கிறாள். அந்த நாட்களை நினைத்தால் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளும் இப்போது இருப்பதைவிடப் பெரியவையாகத் தோன்றுகின்றன. அளந்தால் அதே அளவுதான் இருக்கும்.

ஒருநாள் அக்கா அதே ஜன்னலோரத்தில் அப்பாவுக்குப் பின்னால் நின்று “அப்பா” என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“நடுவுல ‘ப்ப’ போயிடுச்சுன்னா என்னடா மிச்சம்?”

மிச்சம் இருப்பது ஒரு ‘அ’, ஒரு ‘ஆ’. யாரோ கொட்டாவி விடுகிற சத்தம். இத்தனை வருடமாக நாங்கள் கூப்பிட்டதற்கு அவர் திரும்பியதெல்லாம் காலடி அதிர்ச்சியில், அல்லது நிழலைப் பார்த்து. அக்கா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நாடகப் பிரதியை எடுத்தாள்.

கடைசி வசனம் தாடி எழுதியபடி இப்படி இருந்தது: “திக்கற்ற படகுக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கிழித்துக் கை தேய்ந்தது. தட்டிக் கேட்கத் துப்பற்ற கூட்டத்துக்குத் துறை காட்டியே காலம் கழிந்தது. எனக்கும் ஒரு சீட்டு வேண்டும்.”

சத்தமாகப் படித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும். தாடிக்கு அது பெருமை. அப்பாவுக்கு அதில் ‘வேண்டும்’ என்பதைத் தவிர ஒன்றும் விழாது. யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எதுவும் தெரியாது.

தாடியிடம் இருவரும் போனோம். ஒத்திகை முடிந்து மேடையில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். நான் வரைபடத்தைக் காட்டினேன். அதுதான் தப்பு.

“ஓகோ. இனிமே கவிதைக்கு நீ அளவெடுத்து ஜாக்கெட் தைப்பே?”

“அளவெடுக்காம தைச்சா யாருக்குப் பொருந்தும்ணே?” என்றேன்.

“டேய் மீட்டர், ஹால்ல முந்நூறு பேர் உக்காருவாங்க. ஒரு ஆளுக்காக நான் எழுத்தை மாத்தணுமா?”

“நான் ஒரு ஆளுக்காகத்தான் பேசப் போறேன்” என்று அக்கா சொன்னாள். “மத்தவங்க ஒட்டுக் கேட்டுக்கட்டும்.”

தாடி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். “சரி, எழுதிட்டு வா. நல்லா இல்லன்னா என் வரிதான். கல்லாவே எறியணும்.”

எழுதுவது சாதாரண வேலையாக இல்லை. சமையலறைத் தரையில் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள், சும்மா வேடிக்கை பார்க்க என்று சொல்லி. விதி இது: சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் கூடாது. இரட்டித்து வரவே கூடாது. நடுவில் தனியாகவோ, நட்பெழுத்தோடோ வந்தால் மன்னிப்பு. சீட்டு போச்சு. படகு போச்சு. கப்பல், துறை, கடல், தண்ணீர் எல்லாம் போச்சு.

“தண்ணியே இல்லாத படகுத்துறை” என்றாள் அம்மா. “நம்ம குழாயடி மாதிரி.”

அலை மிஞ்சியது. மணல் மிஞ்சியது. ஊர் மிஞ்சியது. வரி வரியாக வந்தது, அக்கா சொல்லச் சொல்ல நான் பள்ளத்தில் விழுகிற சொற்களை அடித்தேன். நல்ல சொல்லை நான் அடித்தால் கிள்ளுவாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றோம்.

அந்தப் பெண் தனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். தமிழில் வேண்டும் என்று சொல்ல ‘எனக்கு’ வேண்டும். எனக்கு ஆசை, எனக்கு விருப்பம், எனக்குப் போகணும். எதைத் தொட்டாலும் ‘க்கு’. நேராகப் பள்ளத்துக்குள்.

“எனக்கு, உனக்கு, அவனுக்கு” என்றாள் அம்மா. “வீட்ல சண்டையெல்லாம் அதுலதானே வருது.”

“நாலாம் வேற்றுமை” என்றாள் அக்கா. “அது இல்லாம ஒருத்தி எப்படி ஆசைப்படுறது?”

“ஆசைப்படாம செஞ்சிட வேண்டியதுதான்” என்றேன். எரிச்சலில் சொன்னேன். ஏதோ நுட்பமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி வாய்க்குள் எதையோ உருட்டினாள். பிறகு, கொடு என்று எதையும் கேட்காத ஒரு வரியை எழுதினாள்.

தாடி மறுநாள் தாளை வாங்கிப் படித்தார். உரக்க இன்னொரு முறை படித்தார். தாடியைச் சொறிந்தார்.

“நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

“சரிண்ணே.”

“ஆனா இதையே வெச்சுக்கலாம்.”

நாடகத்தன்று மாலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் அம்மா. ஹால் நிரம்பியிருந்தது. நான் பக்கச் சுவரை ஒட்டி நின்றேன். முதல் காட்சி ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு மேலே வரிசையாக மின்விசிறிகள். எல்லாம் கிழடு. ஒரே அடிச்சுருதியில் ஊம் என்று முனகிக்கொண்டிருந்தன. ஊரில் எல்லோருக்கும் அது ஒரு தொந்தரவே இல்லை, நம் காதுக்கு மேல்சுருதி இருக்கிறது, அதை வைத்து ஒப்பேற்றிவிடுவோம். அப்பாவிடம் மிச்சமிருந்ததே அந்த அடிச்சுருதி ஒன்றுதான். அதன்மேல் விசிறிகள் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஒத்திகையெல்லாம் விசிறி போடாமல் நடந்தவை. எழுத்தை எல்லாம் எண்ணி எண்ணி அடித்தவன் இதை யோசிக்கவில்லை.

சுவிட்ச் பலகை பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஹால் காவல்காரர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கடைசிக் காட்சிக்கு மட்டும் ஃபேனை நிறுத்தணும்.”

“எதுக்கு? உள்ள இருக்கிறவன் அவிஞ்சு சாகவா?”

“நாடகத்துல அப்படி வருதுண்ணே. புழுக்கம் வேணும். டைரக்டர் சொன்னாரு.”

“அந்தத் தாடி சொல்லுச்சா? சொல்லும். போன வருஷம் மழை வேணும்னு பூவாளியோட மேல ஏறின ஆளு.” ஸ்டூலை நகர்த்திக்கொண்டார்.

அக்கா மேடைக்குத் தனியாக வந்தாள். நான் ஒவ்வொரு சுவிட்சாக இறக்கினேன். விசிறிகள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. ஹால் ஒரு கணம் எதுவும் புரியாமல் இருந்தது. பிறகு நடுவிலிருந்து ஒருவன், “ஃபேனைப் போடுப்பா!” என்று கத்தினான். இன்னொருவன் விசிலடித்தான். “வேர்த்து ஊத்துது, டிக்கெட் காசைத் திருப்பிக் குடு!” “நீ டிக்கெட்டே வாங்கலியேடா!” சிரிப்பு. காவல்காரர் என் கையைப் பிடித்தார்.

அக்கா பேசவில்லை. நின்றாள். கூட்டம் கத்தி முடிக்கும்வரை நின்றாள். அது நாடகத்தில் இல்லாத நிற்பு, ஆனால் படகு போன பிறகு நிற்கிறவள் அப்படித்தான் நிற்பாள் என்று தோன்றியது. காவல்காரர்கூட என் கையை விட்டுவிட்டார். ஹாலில் சத்தம் அடங்கியது. கல் எறியாமல், வீட்டில் பேசுகிற குரலில், முன் வரிசையைப் பார்த்துச் சொன்னாள்:

“வந்தவங்க எல்லாரும் ஏறினாங்க. யாரும் என் முகம் அறியலை. நான் இந்த மண்ணுலயே நின்னேன். அலை வந்து என் நிழலை அள்ளும். எல்லா ஊரும் என் வாயில உண்டு. ஒரு ஊரும் நான் அறியேன். நானும் ஏறணும்.”

விளக்கு அணைந்தது. கை தட்டல் எழுந்தது. நான் அப்பாவின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் மற்றவர்கள் தட்டினால் அரை நொடி தாமதமாகத் தட்டுகிறவர் அன்று தட்டவே இல்லை.

வெளியே மரத்தடியில் நாங்கள் மூவரும் அக்காவுக்காகக் காத்திருந்தோம். முகப்பூச்சைப் பாதி துடைத்தும் துடைக்காமலும் வந்தாள். யாரும் அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பொண்ணு எல்லா ஊர் பேரும் சொல்லுவா. ஆனா எந்த ஊரும் பாத்ததில்ல. அதானே?”

அக்கா தலையாட்டினாள்.

“மத்தவங்க பேசினது ஒண்ணும் எனக்கு விழல” என்றார். பிறகு, தான் சொன்னது போதாது என்பதுபோல் இன்னும் தெளிவாகச் சொன்னார். “எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே.”

அம்மா பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். அந்தச் சொல்லை அவர் காதில் படாமல் வைத்திருக்க நாங்கள் வருடக்கணக்காக எவ்வளவோ பாடுபட்டிருந்தோம். அவரும் எங்கள் காதில் படாமல் வைத்திருந்திருக்கிறார்.

“போயிட்டு வா” என்றார் அக்காவிடம். “அந்தப் பொண்ணு மாதிரி நின்னுட்டே இருக்காதே.”

அக்கா அழுதாள். முகப்பூச்சு கரைந்து, வேஷத்துக்குப் போட்டிருந்த சட்டையின் காலரில் வழிந்தது. அம்மா, “கறை போகாது, துடைச்சுட்டு அழு” என்றாள்.

அவள் அந்த மாதமே கிளம்பிவிட்டாள். அடுத்த வருடம் நான் படிப்பைப் பாதியில் விட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போது இரவு வேலை. ஓடுகிற இயந்திரங்களுக்குக் காவல். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். அக்கா எங்கெங்கோ போய்விட்டாள், எப்போதாவது வருகிறாள். வரும்போது அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லி நான் கேட்டதில்லை. அது எனக்கு எழுதியது இல்லை.

ஆனால் நாடகத்துக்கு மறுநாள் காலையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டைப்பிஸ்ட் வேலை வேண்டாம் என்று சொல்ல அப்பா தொழிற்சாலை ஆபீஸுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க் அவரைப் பல வருடமாக அறிந்தவர். அப்பா விஷயத்தைச் சொன்னார். கிளார்க் ஏதோ கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் அப்பா சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அன்று காதைக் காட்டி, “இது வேலை செய்யாது. இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.

கிளார்க் மேஜைமேல் குனிந்து உச்சக் குரலில் கத்தினார். டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்த வேணாம்” என்றார் அப்பா. “நிதானமா சொல்லுங்க, போதும்.”

கிளார்க் என்னைப் பார்த்தார். பிறகு, குழந்தையிடம் பேசுவதுபோல் இல்லாமல், சாதாரணமாக, மெதுவாகக் கேட்டார்:

“ஏன் வரலை? எங்க அவங்க?”

“ஊருங்களைப் பாக்கப் போறா” என்றார் அப்பா.